விழுந்த இடத்தைப் பார்!

அடித்தான். பந்து பறந்தது. எங்கே விழுந்தது? தெரியாது. அடுத்த பந்தை எடுத்து வைத்தான்.

கோல்ஃப் பயிற்சித் திடல்களில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்த காட்சி இது. டிரைவிங் ரேஞ்ச் என்பார்கள். காசு கொடுத்தால் ஒரு வாளி நிறையப் பந்து தருவார்கள். எதிரே நீண்ட புல்வெளி. அங்கங்கே 100, 150, 200 என்று கஜக்கணக்கு எழுதிய பலகைகள். ஏற்கெனவே இறைந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான பந்துகளுக்கு நடுவே உன் பந்தும் போய் விழும். எது உன்னுடையது என்று உனக்கே அடையாளம் தெரியாது. வாளி காலியாகும். தோள் கடுக்கும். சட்டை நனையும். "இன்றைக்கு நல்ல பயிற்சி" என்று மனசு தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும்.

என்ன கற்றாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

சிரிக்காதே. நாமும் அப்படித்தான் வாழ்கிறோம். மூன்று ஆண்டுகளாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாய். எந்தப் பாடத்தில் மதிப்பெண் ஒழுகுகிறது என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தாயா? கடை வைத்திருக்கிறாய், எந்தச் சரக்கு லாபம் தருகிறது, எது அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கணக்கெழுதினாயா? பத்து நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தாய். எந்தக் கேள்வியில் உன் குரல் தடுமாறியது என்று குறித்து வைத்தாயா? வாளி வாளியாக அடிக்கிறோம். விழுந்த இடத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில், "எனக்கு ராசியில்லை" என்று வானத்தைப் பார்க்கிறோம்.

வானத்தைப் பார்க்காதே. புல்லைப் பார்!

சலிப்பில் பிறந்த கேள்வி

இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாலிஃப், டேவ் ஜாலிஃப் என்று இரட்டைச் சகோதரர்கள். பயிற்சித் திடலில் குறியில்லாமல் பந்தடிப்பது அவர்களுக்குச் சலித்துப்போனது. சலிப்பு எல்லோருக்கும் வரும். வந்தால் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது ஊர் வழக்கம். இவர்கள் கிளம்பவில்லை. பந்துக்கு ஓர் அடையாளம் கொடுத்துவிட்டால், அது விழுந்த இடத்தை அதுவே சொல்லுமே என்று யோசித்தார்கள்.

பந்தின் வயிற்றுக்குள் ஒரு மைக்ரோசிப்பை வைத்தார்கள். புல்வெளியில் பெரிய வட்டக் குறிகளை அமைத்து, அவற்றுக்குள் சென்சார்களைப் பதித்தார்கள். 2000ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகே வாட்ஃபோர்டில் அந்தத் திடல் திறந்தது. அதுதான் டாப்கோல்ஃப்.

சூட்சுமம் என்ன என்று கேட்கிறாயா? நம் ஊர்ச் சுங்கச்சாவடியில் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைப் பார்த்திருப்பாய். அதே குடும்பத்துத் தொழில்நுட்பம். ஆர்எஃப்ஐடி என்று பெயர். சிப்புக்குள் பேட்டரி கிடையாது. அதைப் படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலை பட்டதும் விழித்துக்கொண்டு, "என் எண் இது" என்று சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடும். பந்து உன் கைக்கு வரும்போதே அந்த எண் உன் கணக்கில் ஏறிவிடுகிறது. குறிக்குள் விழுந்ததும் அங்குள்ள சென்சார் அதே எண்ணைப் படிக்கிறது. உன் பெயருக்கு நேரே திரையில் புள்ளி ஏறுகிறது. நடுவட்டத்தை நெருங்க நெருங்கப் புள்ளி கூடும். குறி தொலைவாக ஆக ஆகவும் கூடும்.

பெயரில் இருக்கும் 'டாப்' என்பதற்கு உச்சி என்று பொருள் கொள்ளாதே. 'இலக்கு நோக்கிய பயிற்சி' என்பதற்கான மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அந்த இரட்டையர் புல்லை மாற்றவில்லை. மட்டையை மாற்றவில்லை. இரண்டே இரண்டைத்தான் சேர்த்தார்கள். அடிப்பதற்கு முன் ஒரு குறி. அடித்த பின் ஒரு பதில். அவ்வளவுதான்! அலுப்பூட்டிய அதே வேலை, காசு கொடுத்து வரிசையில் நின்று ஆடும் ஆட்டமாக மாறிவிட்டது. 2005இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போனது. பிறகு அந்த நாடு முழுக்கப் பரவியது. 2021இல் கோல்ஃப் மட்டை செய்யும் கேலவே நிறுவனம் டாப்கோல்ஃபைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இரட்டையர்களோ அதற்கு முன்பே அடுத்த வேலையில் இறங்கிவிட்டார்கள். பந்தைத் தானே கண்காணித்துப் புள்ளி போடும் மினி கோல்ஃப் கூடமான பட்ஷாக், 2018இல் லண்டனில் திறந்தபோது அதை நிறுவியவர்களில் இவர்களும் இருந்தார்கள்.

உன் வேலை அலுக்கிறதா? வேலையைத் திட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேள். இன்றைக்கு என் குறி எது? சாயங்காலம் அது எனக்குப் பதில் சொல்லுமா? இரண்டுக்கும் விடை இல்லாத உழைப்பு, இருட்டில் கல்லெறிவது. கை வலிக்கும், மாங்காய் விழாது.

எண் உன்னைத் திட்டாது

"அளந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறாய். தெரியும். சின்ன வயதிலிருந்து உன்னை அளந்தவர்கள் அப்படி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து அத்தை அளந்தாள். சம்பளத்தை வைத்துச் சித்தப்பா அளந்தார். அளந்த ஒவ்வொருவரும் எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. "நீ இவ்வளவுதான்" என்று ஒரு வாலையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வாலைக் கண்டுதான் எண்ணையே வெறுக்கப் பழகினாய்.

திடலில் இருக்கும் கருவியைப் பார். 142 கஜம் பறந்தது, குறிக்கு 11 கஜம் இடப்பக்கம் விழுந்தது என்று சொல்லும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். நேற்று நீ எப்படி அடித்தாய் என்று குத்திக்காட்டாது. பக்கத்துத் தடுப்பில் நிற்பவன் உன்னைவிடச் சின்னவன் என்று ஒப்பிடாது. "அப்பவே சொன்னேன்" என்று தலையாட்டாது. அது பேசுவது இந்த ஒரு பந்தைப் பற்றி மட்டும். உன்னைப் பற்றி அதற்கு அபிப்பிராயமே இல்லை!

எண் ஒரு முகவரி. 11 கஜம் இடப்பக்கம் என்றால், நீ நிற்கிற தெரு தெரிந்துவிட்டது என்று பொருள். தெரு தெரிந்தவனுக்குத்தான் வழி சொல்ல முடியும். "எங்கேயோ நிற்கிறேன்" என்பவனுக்கு ஆண்டவனே இறங்கி வந்தாலும் வழி சொல்ல முடியாது. உன் தோல்வியை எண்ணாக்கு. எண்ணான அன்றே அது பாதி செத்துப்போகும். பெயரில்லாத பயம்தான் பூதம். அளந்த பயம் வெறும் வேலைப் பட்டியல்.

இன்னொன்றும் பார். கோல்ஃப் என்றாலே பணக்கார விளையாட்டு, உடைக்கட்டுப்பாடு, உறுப்பினர் அட்டை. வாசலிலேயே கால் கூசும். சென்சார் வைத்த திடலும், உள்ளரங்கில் திரையைப் பார்த்து ஆடும் ஆட்டமும் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்துவிட்டன. அமெரிக்காவின் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை 2022ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கு இது: ஏதோ ஒரு வடிவில் கோல்ஃப் ஆடியவர்கள் 4 கோடியே 11 லட்சம் பேர். அவர்களில் 1 கோடியே 55 லட்சம் பேர் அந்த ஆண்டில் உண்மையான மைதானத்தில் காலே வைக்காதவர்கள். பெரிய வாசல் திறக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே உள்ளே போய் மட்டையைப் பிடித்தார்கள். உனக்குத் திறந்திருக்கும் கதவு எது? சின்னதாக இருந்தால் என்ன, குனிந்து நுழை!

பாடநூலே தவறியபோது

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். இந்தக் கட்டுரையின் நெஞ்சு இது.

மட்டையை வீசும் பாதை ஒரு திசை. பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்ப்பது ஒரு திசை. பந்து முதலில் எந்தத் திசையில் கிளம்பும்? வீசும் பாதையில் கிளம்பி, பிறகு முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்று பயிற்சியாளர்கள் காலம் காலமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கற்றவர்கள் நம்பினார்கள். பந்து வலப்பக்கம் போனால் வீசும் பாதையைத் திருத்தினார்கள். இன்னும் வலப்பக்கம் போனது. இன்னும் திருத்தினார்கள். தங்களுக்குத்தான் திறமை இல்லை என்று நொந்துகொண்டார்கள்.

2003ஆம் ஆண்டு. டென்மார்க்கில் கிளாஸ் எல்ட்ரப்-யோர்கன்சன், அவருடைய சகோதரர் மார்ட்டன், ரேடார் பொறியாளர் ஃப்ரெட்ரிக் டக்ஸன் மூவரும் டிராக்மேன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பறக்கும் எறிகணைகளைத் தொடரும் ரேடார்களில் வேலை செய்தவர் டக்ஸன். குண்டைத் தொடர முடியும் என்றால் கோல்ஃப் பந்தைத் தொடர முடியாதா? ஆம்புலன்ஸ் நெருங்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் மந்தமாகவும் கேட்கிறதல்லவா? அந்த டாப்ளர் விதிதான் இங்கும். ரேடார் அனுப்பும் நுண்ணலை பறக்கும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து வேகம், ஏறு கோணம், சுழற்சி எல்லாம் எண்களாகத் திரையில் வந்து நிற்கும்.

நின்ற எண்கள் பழைய பாடத்தைக் கவிழ்த்துப் போட்டன. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் முகம்தான். நீளமான டிரைவர் மட்டையில் ஏறத்தாழ 85 சதவீதம், இரும்பு மட்டையில் ஏறத்தாழ 75 சதவீதம். பாதைக்கு மிச்சம்தான்.

வேடிக்கை என்ன தெரியுமா? அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்ற இருவர் 1968இலேயே பிரிட்டனில் ஆராய்ந்து, இதைப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். உண்மை அச்சில் இருந்தது. அலமாரியில் இருந்தது. ஆனாலும் முப்பது ஆண்டுக்கு மேல் பழைய பாடமே ஓடியது. ஏன்? பிறர் பந்து சொன்ன உண்மை உறைக்கவில்லை. தன் பந்து தன் கண்ணெதிரே சொன்னபோதுதான் உறைத்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். "எவ்வளவு உழைத்தும் முன்னேற்றம் இல்லையே, நான் லாயக்கில்லாதவனோ?" என்று இரவில் புரண்டு படுக்கிறாயே, உன் உழைப்பு குறைவு என்று யார் சொன்னது? நீ திருத்திக்கொண்டிருப்பது தவறான இடமாக இருந்தால்? பாதையை மாற்றி மாற்றிக் களைத்தவர்களிடம் குறை பாதையில் இல்லை, முகத்தில் இருந்தது. நீ படிக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாய்; குறை, படித்ததை எழுதிப் பார்க்காததில் இருக்கலாம். விளம்பரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாய். குறை, வந்த வாடிக்கையாளரை உட்காரச் சொல்லாததில் இருக்கலாம். உன்மேல் சந்தேகப்படுவதற்கு முன், உனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடத்தின்மேல் சந்தேகப்படு. அளந்து பார். அளவு என்ன சொல்கிறதோ அதை நம்பு. பாடநூலே தவறும், விழுந்த பந்து பொய் சொல்லாது.

நடுவில் படவை!

"எனக்குப் பலம் போதாது" என்பது அடுத்த புலம்பல். இதற்கும் கருவி பதில் வைத்திருக்கிறது. ஸ்மாஷ் ஃபேக்டர் என்பார்கள். பந்து கிளம்பும் வேகத்தை மட்டையின் வேகத்தால் வகுத்தால் வரும் எண். டிரைவர் மட்டையில் மிக நன்றாகப் பட்டால் அது 1.5ஐ ஒட்டி நிற்கும். மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் சரியும்.

கணக்குப் போடு. மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசுகிறான் ஒரு பலசாலி. ஓரத்தில் படுகிறது, எண் 1.3. பந்தின் வேகம் 130 மைல். நீ 90 மைல்தான் வீசுகிறாய். நடுவில் படுகிறது, எண் 1.48. பந்தின் வேகம் 133 மைல். பலசாலி தோற்றான்! பத்து மைல் குறைவாக வீசியவன் ஜெயித்தான்!

மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குப் பிறகு நீ உடம்பை வளைத்தாலும், பந்தைப் பார்த்துக் கெஞ்சினாலும் அது கேட்காது. கேரம் காயை ஊதித் தள்ளப் பார்க்கும் சிறுவன் கதைதான். போன பந்தைக் கெஞ்சுவதில் எத்தனை இரவுகளைத் தொலைத்தாய்! போனது போய்விட்டது. உன் கையில் இருப்பது அடுத்த தொடுகை. பக்கத்து வீட்டுக்காரனின் பலத்தை அண்ணாந்து பார்ப்பதை விடு. உனக்குள்ள 90 மைலை நடுவில் படவை. இருக்கும் இரண்டு மணி நேரத்தை, இருக்கும் பத்தாயிரம் ரூபாயை, இருக்கும் ஒரே ஒரு திறமையைச் சிந்தாமல் நடுவில் படவை!

பாய் மன்னிக்கும், மண் மன்னிக்காது

உன்னைப் புகழ்ந்து அனுப்பிவிட்டால் நான் உனக்கு நண்பனில்லை. ஓர் எச்சரிக்கையும் கேட்டுக்கொள்.

பயிற்சித் திடலில் பெரும்பாலும் செயற்கைப் பாய்மீது நின்றுதான் அடிப்பார்கள். பந்துக்குக் கொஞ்சம் பின்னால் மட்டை பட்டுவிட்டாலும், பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். பந்து பறக்கும். திரையில் புள்ளி ஏறும். கூட வந்தவர்கள் கைதட்டுவார்கள். அதே அடியை உண்மையான புல்லில் அடித்துப் பார். மட்டை மண்ணைக் கொத்திக்கொண்டு நிற்கும். பந்து நாலடி தள்ளி உட்கார்ந்து உன்னைப் பார்க்கும். பாய் மன்னித்த தப்பை மண் மன்னிப்பதில்லை.

சுலபமான இடத்தில் எடுத்த புள்ளியை நம்பி ஏமாறாதே. வீட்டுக் கண்ணாடி முன் பேசிய பேச்சு பாய், மேடை மண். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு பாய், தேர்வறை மண். பாயில் பழகு, தப்பில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு நாளாவது மண்ணில் இறங்கு. அங்கே கிடைக்கும் அடிதான் உண்மையான அளவு.

தூரத்தை மட்டும் துரத்துகிறவனும் ஏமாறுவான். 250 கஜம் போனது என்று மார்தட்டுவான். குறி 150இல் இருக்கும். எந்த எண் உன் குறிக்கு உதவுமோ அந்த எண்ணை மட்டும் பார். மற்றதெல்லாம் வாணவேடிக்கை.

ஐம்பதுக்கு மேலும் புதுப் பந்து உண்டு

"இதெல்லாம் இருபது வயதுக்காரனுக்குச் சொல்" என்று முணுமுணுக்கிறீர்களே, பின்வரிசைப் பெரியவரே, இது உங்களுக்கு. வாட்ஃபோர்டில் டாப்கோல்ஃப் திறந்த அதே 2000ஆம் ஆண்டில், தென் கொரியாவின் டேஜான் நகரத்தில் கிம் யங்-சான் என்பவர் கோல்ஃப்சோன் நிறுவனத்தைத் தொடங்கினார். முன்பு சாம்சங்கில் வேலை பார்த்தவர். தொடங்கும்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கொரியாவில் மலை அதிகம், சமவெளி குறைவு. மைதானத்தில் ஆடச் செலவு அதிகம். மைதானத்துக்குப் போக முடியாதவர்களிடம் மைதானத்தையே கொண்டுபோனார். ஓர் அறை, ஒரு திரை, பந்தின் வேகத்தையும் திசையையும் பிடிக்கும் சென்சார்கள். வேலை முடிந்து வருகிற ஊழியர்கள் இரவில் கூடி ஆடுகிற 'ஸ்கிரீன் கோல்ஃப்' அந்த நாட்டு நகரங்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2011இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

ஐம்பதில் மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும்போது, அவர் முதல் பந்தை எடுத்து வைத்தார். வயது என்பது இதுவரை அடித்த பந்துகளின் எண்ணிக்கை. அடுத்த பந்துக்கு அது தெரியவே தெரியாது!

ஒற்றைக் கண் போதாது

கடைசியாக ஒரு கருவி. சுவீடன்காரர் டேனியல் ஃபோர்ஸ்கிரென் உருவாக்கியது. தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்க்கும்போது, வெண்மேகத்தில் பறக்கும் வெண்பந்து கண்ணுக்குத் தெரியாது. அதன் பாதையைத் திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டியது அவருடைய தொழில்நுட்பம். 2016இல் டாப்கோல்ஃப் அதை வாங்கியது. இன்று டாப்டிரேசர் என்ற பெயரில் பயிற்சித் திடல்களில் இருக்கிறது. இதற்குச் சிப் வைத்த பந்து தேவையில்லை. கேமராக்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே பந்தைப் பார்க்கின்றன. அந்தப் பார்வைகள் சேரும்போதுதான் பந்தின் தூரம் பிடிபடுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார், புரியும்.

உன்னை நீ பார்ப்பது ஒரு கண். அது சில நாள் உன்னைத் தூக்கி வைக்கும், பல நாள் மிதிக்கும். இன்னொரு கண் வேண்டும். உண்மையைச் சொல்லும் ஓர் ஆசிரியர், ஒளிக்காமல் பேசும் ஒரு நண்பன், தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டு, எதுவானாலும் சரி. வேறு இடத்திலிருந்து உன்னைப் பார்க்கும் அந்தக் கண்ணை இன்றைக்கே தேடிக்கொள்.

நாளைக் காலையில் ஆரம்பி. ஒரு தாளில் ஒரே ஒரு குறியை எழுது. இரவு படுக்கும் முன் அதற்கு நேரே எங்கே விழுந்தாய் என்று எழுது: எவ்வளவு தூரம், எந்தப் பக்கம். திட்டாதே. தேம்பாதே. புகழாதே. எழுது, அவ்வளவுதான். மறுநாள் ஒரே ஒரு திருத்தம். முப்பது நாள் கழித்து அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார். "என்னால் முடியும்" என்று யாரும் உனக்கு ஊதித் தர வேண்டியிருக்காது. முடிந்ததற்கான கணக்கு உன் கையெழுத்திலேயே இருக்கும்!

அந்தப் பழைய புல்வெளியை மறுபடி நினைத்துப் பார். ஒரே மாதிரி வெள்ளை, ஒரே மாதிரி குழிகள், நூற்றுக்கணக்கான பந்துகள். பொழுது சாய்ந்ததும் வண்டி ஒன்று வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். எது யாருடையது என்று எவருக்கும் தெரியாது. உன் நாட்களும் அப்படி அள்ளப்பட்டுப் போகவா நீ பிறந்தாய்?

ஒவ்வொரு நாளுக்குள்ளும் உன் எண்ணைப் பதித்து அனுப்பு. அது எங்கே விழுந்தாலும் சரி. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு விழட்டும்!